சும்மா இருந்தவள் வீட்டு மீட்டர்

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று சொல்லி காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவார்களே, அப்படி நிறுத்தியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஆவாரங்குளத்து மிக்ஸிகளும் மோட்டார்களும் வாய்மூடிக் கிடக்க, எங்கள் உப்புக்கிணற்றுத் தெருவில் பாத்திரக்கடை நல்லபெருமாள் அண்ணாச்சி வீட்டு மீட்டர் மட்டும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

அதை முதலில் பார்த்தவர் ரீடிங் எடுக்க வந்த சுடலைமணி. பத்தொன்பது வருடமாகத் தெருத்தெருவாகப் போய் மீட்டர் பெட்டிகளைத் திறந்து, குளவியிடம் கொட்டு வாங்கி, நாயிடம் கடி வாங்கி, பல்லி முட்டையைத் தள்ளிவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போகிற மனிதர். அண்ணாச்சி வீட்டில் இருந்தது பழைய சக்கர மீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு, அதன் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு; கரண்ட் செலவானால் தட்டு சுற்றும், கோடு வந்து வந்து போகும், செலவாகவில்லையென்றால் நிற்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த தொழில். சுடலைமணி மெயின் சுவிட்சைப் பார்த்தார், அணைந்திருந்தது. கம்பத்தைப் பார்த்தார், அதன் உச்சியில் லைன்மேன் ஒருவர் வெறுங்கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார், சக்கரம் சுற்றியது. மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்த வெள்ளை அட்டையை எடுத்துப் பழைய எண்ணைக் கழித்துப் பார்த்தபோது, இரண்டு மாதத்துக்கு நூற்றுத் தொண்ணூறு யூனிட்டைத் தாண்டாத அந்த வீடு இந்த முறை இரண்டாயிரத்து நானூற்றாறு யூனிட் ஓடியிருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து, எதிர்வீட்டில் இருந்த என்னிடம்தான் முதலில் தண்ணீர் கேட்டார். எனக்கு சைக்கிள் கடை. கரண்ட் இல்லாவிட்டால் காற்றடிக்கிற மெஷின் ஓடாது, அதனால் அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். குடிக்க மாட்டார், கையோங்க மாட்டார், எவர்சில்வர் குடத்தின் கனத்தைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார், எடையில் ஒரு கிராம் ஏமாற்ற மாட்டார். அவருடைய ஒரே மகன் ஒசூரில் வேலையாக இருக்க, வீட்டில் அவரும் அவர் மனைவி செண்பகவடிவும் மட்டும்தான். செண்பகவடிவு அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. நான் அந்தத் தெருவுக்கு வந்து இருபத்தோரு வருடமாகிறது, அந்த அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பதைக்கூட இந்த மீட்டர் விவகாரத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கடையிலிருந்து ஓடி வந்த அண்ணாச்சிக்கு எண்ணைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார். அவர் வீட்டு லைனில் கொக்கி போட்டு என் காற்று மெஷினை ஓட்டுகிறேனோ என்று ஏணி வைத்து ஏறி ஓடு வரைக்கும் தடவிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும், "தப்பா நினைச்சுக்கிடாதீரும் பாய்" என்று இறங்கி வந்து தோளைத் தொட்டார். பிறகு மேசைக்குப் போய்க் கரண்ட் ஆபீசுக்கு ஒரு புகார் எழுதினார். அந்தப் புகாரைத்தான் அவர் எழுதியிருக்கக் கூடாது. அது இப்படி இருந்தது: 'வீட்டில் வசிப்பது நானும் என் மனைவியும் மட்டுமே. நான் பகலெல்லாம் கடையில் இருக்கிறேன். என் மனைவி எந்த வேலைக்கும் போகாமல் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். ஆகவே இவ்வளவு மின்சாரம் செலவாக வாய்ப்பே இல்லை. மீட்டர் பழுது.' கையெழுத்தைத் தன் அப்பா பேருக்கு மேலே போட்டார். ஏனென்றால் அப்பா செத்துப் பதினொரு வருடமாகியும் இணைப்பு இன்னும் அவர் பேரில்தான் இருந்தது, பேர் மாற்ற அண்ணாச்சிக்கு நேரம் கிடைக்கவில்லை.

சும்மா என்ற சொல்லை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை, சொன்னது முதல் தடவை இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் குடும்பக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்து, ஒவ்வொருவராகப் பேர், வயது, தொழில் என்று கேட்டு எழுதினார். மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டபோது, அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தபடி, "அவ சும்மா வீட்லதான் இருக்கா" என்றார், டீச்சரும் தொழில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அப்போது செண்பகவடிவு அக்கா அந்த டீச்சருக்குத்தான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்துதான் சக்கரம் அப்படி ஓடத் தொடங்கியது என்று பிற்பாடு கணக்குப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் சொன்னார்கள். ஆண்கள் நாங்கள் இடி விழுந்ததுதான் காரணம் என்றோம். அந்த மாதம் இடி இடிக்கவே இல்லை.

புகார் கொடுத்த நான்காம் நாள் கரண்ட் ஆபீசிலிருந்து உதவிப் பொறியாளர் எஸ்தர் மேடம் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும்; சிரிக்கக் காசு கேட்கிற முகம்; கையில் ஒரு புது டிஜிட்டல் மீட்டர். சந்தேகப்படுகிற மீட்டருக்குப் பக்கத்திலேயே சரியான மீட்டர் ஒன்றை மாட்டி இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தால் பொய் சொல்வது எது என்று தெரிந்துவிடும், அதுதான் அவர்கள் முறை. மாட்டினார்கள். ஃபியூசைப் பிடுங்கி அண்ணாச்சியின் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்குள் பொட்டு வெளிச்சம் இல்லை. பழைய மீட்டரில் சக்கரம் சுற்றியது, புது மீட்டரில் சிவப்பு விளக்கு அதே வேகத்தில் துடித்தது. மேடம் புது மீட்டரைக் கழற்றி, ஜீப்பில் வைத்து ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார், அங்கே அது ஒழுங்காக இருந்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டினார், மறுபடி துடித்தது. அண்ணாச்சி கையில் ஃபியூசை வைத்துக்கொண்டு, மருந்துக்கடையில் பாக்கிச் சில்லறைக்கு நிற்கிறவரைப் போல நின்றார்.

கண்டுபிடித்தது சுடலைமணிதான். பத்தொன்பது வருடம் எண்ணைப் பார்த்த கண். சக்கரம் ஒரே சீராக ஓடவில்லை, கொஞ்சம் ஓடுகிறது, கொஞ்சம் தயங்குகிறது, பிறகு பாய்கிறது என்று கவனித்தவர், காதைத் தீட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அங்கே மோட்டார் ஓடாததால் செண்பகவடிவு அக்கா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி மேலே வரும்போது வாசலிலிருந்து மேடம், "ஓடுது" என்றார். வாளியை இறக்கி வைத்தாள், "நின்னுட்டு" என்றார். சுடலைமணி அக்காவிடம் இன்னொரு வாளி இறைக்கச் சொன்னார், ஓடியது. அவரே ஒரு வாளி இறைத்தார், ஓடவில்லை. அண்ணாச்சியை இறைக்கச் சொன்னார், அவருக்குக் கயிறு கையை அறுத்ததே தவிர சக்கரம் அசையவில்லை. அக்கா அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் எடுக்க உள்ளே ஓடினாள், வாசலில் சக்கரமும் ஓடியது.

என் மனைவி மைதீன் பாத்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த பத்து நாள் எங்கள் தெரு இருந்த இருப்பைச் சொல்கிறேன். செய்தி தெருவைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, பெண்கள் இரண்டு பேராகவும் மூன்று பேராகவும் வரத் தொடங்கினார்கள். எதையும் கேட்கவில்லை, மெயினை அணைத்து மீட்டர் பெட்டியைத் திறந்து சக்கரத்தைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்கள். சில பேர் வெட்கத்தோடு, ஒரு தேங்காய் துருவிக் காட்டுங்க அக்கா, என்று கேட்டார்கள், வந்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று அவளும் துருவினாள். ஒரு தேங்காய்க்குப் பதினொரு சுற்று. ஒரு போர்வை துவைக்க நாற்பத்து மூன்று. துணி நைந்துவிடும் என்று அண்ணாச்சி வாஷிங் மெஷின் வாங்கவில்லை. சட்டைப் பொத்தான் தைக்க ஆறு. தன் மாமியாருடைய திவசத் தேதியை ஞாபகம் வைத்துச் சொல்ல இரண்டு. ஓர் உறவுக்காரர் வந்து குற்றம் சொல்லிவிட்டுப் போனதற்குப் பதில் பேசாமல் இருக்க இருபத்தெட்டு. பெண்கள் இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார்கள், காய்கறி வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு விலை பேசுவதை மறந்து இதையே பேசினார்கள்.

ஆனால் எதற்குச் சக்கரம் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடியது என்று தெரிந்தபோதுதான் ஊர் அதிர்ந்துபோனது. சமையல் முடிந்து, பாத்திரம் துலக்கி, வேலை ஒன்றுமில்லாத நேரம் அது. மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பாடு தயார். அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வர மூன்று மணி, சில நாள் மூன்றேகால். அவர் சாப்பிடாமல் அக்கா சாப்பிட மாட்டாள். அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பாள். அப்போது தட்டு சுழலுகிற வேகத்தில் அந்தக் கறுப்புக் கோடே கண்ணுக்குத் தெரியாது. மைதீன் பாத்து இதை வந்து என்னிடம் சொன்னபோது, சும்மா நிற்கிறதற்கெல்லாம் ஓடுகிறது என்றால் மீட்டரில்தான் கோளாறு என்றேன். அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஆண்கள் எங்களுக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் பார்க்காத நேரமாகப் பார்த்து மெயினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தோம். சக்கரங்கள் அசையவில்லை; ஆனாலும் நிம்மதி வரவில்லை. ஒருவர் தன் மனைவியை அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்றார், அவள் அன்றைக்கே இரண்டு தடவை போய்வந்தாள். இன்னொருவர் டீக்கடையில் எல்லோர் முன்னாலும், என் பெண்சாதியை நான் நாற்காலியிலேயே வைத்திருக்கிறேன் என்று பெருமை பேசினார். அந்த நாற்காலியைத் துடைப்பது யார் வே என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து எஸ்தர் மேடத்துக்குக் கடிதம் வந்தது. மீட்டர் பழுதா, இல்லையா, ஒன்றைச் சொல்லு என்று. மேடம் கடைசியாக ஒரு சோதனை வைத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மெயினை அணைத்துவிட்டு, செண்பகவடிவு அக்காவை முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யக் கூடாது, சக்கரம் முழுசாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்காவுக்கு உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கு இடம் விட்டு உட்காருகிறவளைப் போல உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். ஐந்து நிமிடம் சக்கரம் நின்றது. ஆறாவது நிமிடம் கறுப்புக் கோடு மெல்ல நகர்ந்தது.

"என்னம்மா பண்ணுனீங்க?" என்றார் மேடம்.

"ஒண்ணும் பண்ணலம்மா. நாளைக்கு மாவரைக்கணுமே, அரிசி ஊறப்போடணும்னு நினைச்சேன்."

நினைக்காமல் இருக்கச் சொன்னார்கள். முயன்று பார்த்தாள், கோடு இன்னும் வேகமாக நகர்ந்தது. மேடம் குறிப்பேட்டை மூடிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சரி, உங்களுக்காக மட்டும் நீங்கள் செய்கிற காரியம் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள், அதற்கும் ஓடுகிறதா என்று பார்ப்போம் என்றார். பாட்டுக் கேட்பதோ, பூக்கட்டுவதோ, எதுவானாலும் சரி. அக்கா யோசித்தாள். முற்றத்தில் வெயில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஏறுகிற வரைக்கும் யோசித்தாள். மேடம் காத்திருக்கிறாளே, ஏதாவது சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டமாகிவிடுமே என்று அவள் யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் சக்கரம் அப்போதும் சுற்றியது. கடைசியில் தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லை. எஸ்தர் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது, கரண்ட் ஆபீஸ் ஆட்கள் முன்னால் அழக் கூடாது என்று எழுந்து ஜீப் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

வந்து விஷயத்தைச் சொன்னார். வழி இரண்டுதான். மீட்டர் பழுது என்று எழுதினால் இந்த மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். புதுசு மாட்டுவார்கள். பழைய மாதங்களின் சராசரியைப் போட்டு நூற்றுத் தொண்ணூறு யூனிட்டுக்குக் கட்டினால் போதும், இரண்டாயிரத்து நானூற்றாறு என்ற எண்ணை அட்டையில் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். மீட்டர் சரி என்றால், புகார் எழுதியவரே தன் புகாரைத் தன் கையால் திரும்பப் பெற்று, கூடுதல் யூனிட்டை உபயோகித்தது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முழுத் தொகையையும் கட்ட வேண்டும். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. பழுது என்றே எழுதிவிடுங்கள், புது மீட்டரை இன்றைக்கே மாட்டிவிடுங்கள் என்றார். இத்தனை நாளாகத் தொலைந்திருந்த நிறம் அவர் முகத்துக்குத் திரும்பியது. எங்களுக்கும்தான். தெருவில் நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சுடலைமணி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

செண்பகவடிவு அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து போய் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றாள். கல்யாணமாகி வந்து முப்பத்திரண்டு வருடத்தில் தெரு கேட்க அவள் பேசியதில்லை.

"அதுல பழுது ஒண்ணும் இல்ல" என்றாள். "என்னைய சும்மா இருக்கான்னு டீச்சர்கிட்ட சொன்னீங்க, பேசாம இருந்தேன். கரண்ட் ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்தீங்க, அதுக்கும் பேசல. இது ஒண்ணுதான் நான் செஞ்சத எல்லாம் பாத்து எழுதி வச்சிருக்கு. இதையும் பொய்யின்னு சொல்லி அடிச்சிட்டீங்கன்னா, அப்புறம் நான் இருந்ததுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். சுடலைமணி ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், அது அடிப்பக்கம் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மேடம் இரண்டு படிவங்களையும் மேசைமேல் வைத்தார். எதை எழுதுவது என்பது புகார் எழுதியவர் இஷ்டம் என்றார். அண்ணாச்சி இரண்டு தாள்களையும் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையைத் தடவி, மேசையைத் தடவி, முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"ஏட்டி, என் கண்ணாடிய எங்க வச்ச?"

அக்காவின் உடம்பு அவளைக் கேட்காமலே உள்ளே போகத் திரும்பியது. பெட்டி திறந்தே இருந்தது. சக்கரம் விருட்டென்று ஒரு சுற்றுச் சுற்றியதை நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம், அண்ணாச்சியும் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கடையில் முப்பது வருடமாக நிறுத்துக் கொடுத்த தராசில் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தது என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவருடைய முகம் அது.

"நில்லு" என்றார். "நீ உக்காரு. நானே தேடுதேன்."

தன் சொந்த வீட்டில் அவர் கண்ணாடி தேடியதை உப்புக்கிணற்றுத் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அலமாரியைத் திறந்தார், அதில் இருந்தது துணி. பெட்டியைத் திறந்தார், அதில் மகன் குழந்தையாக இருந்த காலத்துச் சாமான் ஏதோ கிடந்தது. சமையலறைக்குப் போனவர் எது உப்பு ஜாடி, எது சீனி ஜாடி என்று தெரியாமல் இரண்டையும் நக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி ஃபிரிட்ஜுக்கு மேலே, பழைய பேப்பருக்கு அடியில் இருந்தது. அது அக்காவுக்குத் தெரியும். தெரியும் என்று எங்களுக்கும் தெரிந்தது, ஏனென்றால் அவர் ஃபிரிட்ஜைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சக்கரம் ஒரு மயிரிழை நடுங்கியது. மைதீன் பாத்து எங்கள் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, ஒரு நொடி அவள் தோளில் கையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அக்கா டீயைப் பார்த்தாள். ஆவி வந்தது. நாற்காலியில் பின்னால் சாய்ந்து, முதல் தடவையாக முதுகு முழுக்கச் சாய்ந்து, ஊதி ஊதிக் குடித்தாள். சக்கரம் நின்றுபோனது. எஸ்தர் மேடம் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அண்ணாச்சிக்குக் கண்ணாடி கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது. தலையில் தூசியும் ஒட்டடையுமாக வந்து உட்கார்ந்து, பழுது என்று எழுதுகிற படிவத்தை நான்காக மடித்து ஓரமாக வைத்தார். மற்றதை எடுத்து, 'மீட்டரில் பழுது இல்லை' என்று எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது. கூடுதல் மின்சாரத்தை உபயோகித்தவர் யார் என்பது கேள்வி. செண்பகவடிவு என்று எழுதப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், மேடம்கூட அந்தப் பேருக்கு எழுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினார். நல்லபெருமாள்.

"அவ செஞ்சா" என்றார். "செலவழிச்சது நான்தான."

மேடம் படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அப்பா பேரில் இருந்த அந்த இணைப்பில் அவர் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. கூட்டம் கலைந்தது. கல்யாண வீட்டிலிருந்து போகிறவர்களைப் போலவும் இல்லை, இழவு வீட்டிலிருந்து போகிறவர்களைப் போலவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் வாசலுக்கு நடந்தோம்.

நான் தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றேகால். மைதீன் பாத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழி விட்டாள்.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். இருபத்தோரு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நீங்க வராம எப்படி?" என்றாள்.

என் வீட்டு மீட்டர் பெட்டி அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே, அவள் தோளுக்கு நேராக இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.